கோர்ட்டிலிருந்து வகுப்பறைக்கு: பொதுநல வழக்கறிஞர் தொடர்பியல் ஆசிரியர் ஆனது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை கோர்ட்டிலும் மதுரை ஹைகோர்ட் கிளையிலும் பொதுநல வழக்குகள் நடத்தியவள் நான். இப்போது நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரியில் தொடர்பியல் பாடம் எடுக்கிறேன். சட்டக் கல்லூரி மாணவர்கள், ஜூனியர் வக்கீல்கள், என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், பழைய கட்சிக்காரர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். போனில் அவசரமாகச் சொல்வதைவிட இங்கே நிதானமாக எழுதிவிடுகிறேன். சட்ட விவரங்கள் பொதுவானவை. உங்கள் சொந்த வழக்குக்கு உங்கள் வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

பொதுநல வழக்கு மற்ற வழக்கிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

சாதாரணமாக, யாருக்குப் பாதிப்போ அவர்தான் கோர்ட்டுக்குப் போக முடியும். என் வயலை ஒருவர் வளைத்துக்கொண்டால் நான்தான் வழக்குப் போட வேண்டும், பக்கத்து வயல்காரர் போட முடியாது. ஆனால் விசாரணையே நடக்காமல் வருஷக்கணக்கில் ஜெயிலில் கிடப்பவர் எப்படி வக்கீல் வைப்பார்? கொத்தடிமையாக மாட்டிக்கொண்டவர் எந்தப் படியேறுவார்? ஒரு ஆறு கெட்டுப்போனால் அதில் பாதிக்கப்பட்டவர் என்று யாரைச் சொல்வது?

1970களின் கடைசியில் நீதிபதிகள் வி.ஆர். கிருஷ்ணய்யரும் பி.என். பகவதியும் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். ஏழ்மையாலோ இயலாமையாலோ கோர்ட்டுக்கு வர முடியாதவர்களுக்காக, நல்லெண்ணத்தோடு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது 1981ல் எஸ்.பி. குப்தா வழக்கில் உறுதியானது. அரசியலமைப்பின் 32வது பிரிவின்படி சுப்ரீம் கோர்ட்டுக்கும், 226வது பிரிவின்படி ஹைகோர்ட்டுக்கும் போகலாம்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு தேதியும் முக்கியம். மதுரை ஹைகோர்ட் கிளை திறந்தது 2004 ஜூலையில். அதற்கு முன்னால் ஒரு ரிட் மனுவுக்குக்கூட (அரசு அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கேட்டு ஹைகோர்ட்டில் போடும் மனு) நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குத்தான் போக வேண்டும். கூலிவேலை பார்ப்பவரோ சின்ன விவசாயியோ அந்தச் செலவை எப்படித் தாங்குவார்? ஒத்தக்கடை பக்கம் கோர்ட் வந்த பிறகுதான், காலையில் பஸ் ஏறிப் போய் வழக்கைக் கேட்டுவிட்டு ராத்திரி வீடு திரும்பலாம் என்ற நிலை வந்தது. தென்மாவட்டங்களிலிருந்து பொதுநல வழக்குகள் பெருகியதற்கு இது பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

நெல்லைச் சீமையில் எந்த மாதிரி வழக்குகள் வரும்?

முதலில் தாமிரபரணி. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் ஆறு, வற்றாத ஆறு என்று பெயர் வாங்கிய ஆறு. மணல் அள்ளியது, சாக்கடை கலந்தது, கம்பெனிகளுக்குத் தண்ணீர் கொடுத்தது, படித்துறை இடிந்தது என்று இந்த ஒரு ஆற்றைச் சுற்றி வந்த வழக்குகளை வைத்தே சுற்றுச்சூழல் சட்டம் முழுவதையும் பாடம் நடத்திவிடலாம்.

அதில் நான் எப்போதும் முதலில் சொல்வது மணல் வழக்கு. ஸ்ரீவைகுண்டத்துக்காரரான தோழர் நல்லகண்ணு, எண்பது வயதைத் தாண்டிய பிறகு, ஆற்றில் மணல் அள்ளுவதை எதிர்த்து மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார். தானே நின்று வாதாடினார். 2010ல் தாமிரபரணியில் ஐந்து ஆண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை வந்தது. சட்டம் படிக்காதவர். ஆனால் எந்த ஊரில் எத்தனை அடி ஆழத்துக்குத் தோண்டியிருக்கிறார்கள், எந்த உறைகிணறு வெளியே தெரிகிறது என்று கரையோரமாக நடந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். வழக்கின் உயிர் அந்த நேரடி அறிவில் இருக்கிறது. இதை மாணவர்கள் மனதில் பதிய வைக்க நான் ரொம்பவே பாடுபடுகிறேன்.

அப்புறம் கூடங்குளம். அணுஉலைக்கு எதிரான வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2013 மே 6 அன்று தீர்ப்புச் சொன்னது. உலையை இயக்கலாம் என்றது. கூடவே பாதுகாப்பு பற்றிப் பல நிபந்தனைகளையும் விதித்தது. போராடியவர்கள் மேல் போட்ட கிரிமினல் வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. மறுநாள் நாடு முழுக்க முதல் பாதிதான் செய்தி. போராட்டம் நடந்த இடிந்தகரை வீடுகளுக்கோ இரண்டாவது பாதியும் அதே அளவு முக்கியம். வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் எடுப்பதில் சிக்கல், வெளிநாட்டு வேலைக்குப் போவதில் சிக்கல்.

மாஞ்சோலை இன்னொன்று. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929ல் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தேயிலைக் கம்பெனி எடுத்த மலை அது. 1999 ஜூலை 23 அன்று அந்தத் தோட்டத் தொழிலாளிகளுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாக வந்தவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதில் 17 பேர் ஆற்றில் உயிரை விட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் மலையை விட்டு இறங்கச் சொன்னால் எங்கே போவார்கள் என்ற கேள்வி 2024ல் மறுபடியும் மதுரைக் கிளைக்கு வந்தது.

அதே 2024 டிசம்பரில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவுகளை நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கொட்டிவிட்டுப் போன விவகாரம் எல்லாருக்கும் நினைவிருக்கும். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாளில் அகற்றச் சொன்னது, கேரளத்திலிருந்து லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. ஊர்க்காரர்கள் எடுத்த போட்டோக்களில் ஆஸ்பத்திரிப் பெயர் போட்ட காகிதங்கள் தெளிவாகத் தெரிந்ததால்தான் விஷயம் அவ்வளவு வேகமாக நகர்ந்தது. நல்ல படம் என்பது நல்ல சாட்சியமும்கூட.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த வக்கீல் தொழிலை ஏன் விட்டீர்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் முழுசாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஓடைப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு என்று ஒரு ஊர்க்காரர்கள் வந்தார்கள். மழைத்தண்ணீர் குளத்துக்குப் போகும் வழியை அடைத்துவிட்டார்கள். வழக்குப் போட்டோம். சாதகமாக உத்தரவு வந்தது. இத்தனை வாரத்துக்குள் அளந்து அகற்ற வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. நகல் வாங்கி ஊர்ப் பெரியவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்தார். கெடு முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் போய் விசாரித்தால், "வழக்கு முடிஞ்சு போச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்கம்மா" என்றார்கள். உத்தரவு இங்கிலீஷில் இருந்தது. அதில் என்ன இருக்கிறது, யாரிடம் போய்க் கேட்கலாம், செய்யாவிட்டால் கோர்ட் அவமதிப்பு மனு போடலாம் என்பதெல்லாம் அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஊருக்குள் இரண்டு பட்டதாரிகள் இருந்தார்கள். அவர்களுக்கும் தெரியவில்லை.

இப்படி ஒன்றிரண்டு இல்லை. ஜெயித்த வழக்குகளின் கட்டுகளை எடுத்துப் பார்த்தால், நடைமுறைக்கு வந்தவை எல்லாவற்றிலும் ஒரு பொதுவான விஷயம் இருந்தது. அந்த ஊரில் யாராவது ஒருவர் உத்தரவைப் படித்து, புரிந்து, டீக்கடையிலும் கிராம சபையிலும் திரும்பத் திரும்பப் பேசியிருப்பார். அப்படிப் பேச ஆள் இல்லாத ஊரில், எவ்வளவு நல்ல உத்தரவும் காகிதமாகவே இருந்தது. அந்தப் பேசும் ஆளை உருவாக்குவதும் சட்ட வேலையின் பாதி என்று எனக்குப் பட்டது. கோர்ட்டில் அதற்கு இடம் இல்லை. அடுத்த கட்டு, அடுத்த வாய்தா என்றுதான் ஓட முடியும். வகுப்பறையில் இடம் இருந்தது.

அதனால் விட்டுவிட்டேன் என்று நான் நினைப்பதில்லை. அதே வேலையின் மறுபாதிக்கு வந்திருக்கிறேன்.

பத்திரிகைக்கும் பொதுநல வழக்குக்கும் அப்படி என்ன சம்பந்தம்?

பிறப்பிலேயே சம்பந்தம் உண்டு. 1979ல் பீகார் ஜெயில்களில் விசாரணைக் கைதிகள் கிடக்கும் நிலையைப் பற்றி, போலீஸ் அதிகாரியாக இருந்த கே.எஃப். ருஸ்தம்ஜி இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினார். செய்த குற்றத்துக்கு உண்டான தண்டனையைவிட அதிக காலம் விசாரணை இல்லாமலே உள்ளே இருந்தவர்கள் அவர்கள். அதைப் படித்த வக்கீல் கபிலா ஹிங்கோரானி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள். சீக்கிரமாக விசாரணை கிடைப்பது அடிப்படை உரிமை என்று நிலைநாட்டப்பட்டது.

பம்பாயில் காவலில் இருந்த பெண்களின் நிலையைப் பற்றி ஷீலா பார்சே எழுதிய கடிதத்தைக் கோர்ட் மனுவாக எடுத்துக்கொண்டது, தீர்ப்பு 1983ல். அவர் பத்திரிகையாளர். நடைபாதைவாசிகளின் பிழைப்பும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 1985ல் தீர்ப்பு வாங்கிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில், அந்த ஓல்கா டெல்லிஸும் பத்திரிகையாளர்தான். சட்டப் பேராசிரியர்கள் பேனாவால் செய்ததும் உண்டு. மதுரா என்ற பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்தில் சிதைக்கப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் போலீஸ்காரர்களை விடுவித்தபோது, உபேந்திர பக்சி உட்பட நான்கு ஆசிரியர்கள் 1979ல் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். நாடு முழுக்க அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது, 1983ல் சட்டமே திருத்தப்பட்டது. ஒரு கடிதம், சரியான நேரத்தில், சரியான சொற்களில்!

வக்கீல், பத்திரிகையாளர், ஆசிரியர் மூவரும் ஆரம்பத்திலிருந்தே ஒரே வரப்பில்தான் நடந்திருக்கிறார்கள். ஒருவர் வேலையை மற்றவர் செய்ய நேர்ந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

வெளிநாடுகளில் இப்படி மாறியவர்கள் உண்டா?

உண்டு, அமெரிக்காவில் குறிப்பாக. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரத்தில் டபிள்யூ.எல்.பி.டி. என்று ஒரு டிவி நிலையம். பார்வையாளர்களில் கறுப்பின மக்கள் நிறைய, ஆனால் அவர்கள் குரல் அதில் வராது. லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது யுனைட்டட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் என்ற திருச்சபை எதிர்த்து மனுச் செய்தது. டிவி பார்ப்பவர்களுக்கெல்லாம் வழக்காட உரிமை கிடையாது என்றது அரசு ஆணையம். பார்ப்பவர்களுக்கும் உண்டு என்று 1966ல் வாஷிங்டன் அப்பீல் கோர்ட் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஒலிபரப்பு, ஒளிபரப்பு சார்ந்த பொதுநல வழக்கு அங்கே தனித்துறையாகவே வளர்ந்தது. அதில் பழகிய வக்கீல்கள் சிலர் பின்னால் தொடர்பியல் துறைகளுக்குப் பாடம் நடத்தப் போனார்கள்.

இங்கே அதற்கு இணையாக நான் சொல்வது 1995ல் வந்த தீர்ப்பை. கிரிக்கெட் மேட்சை யார் ஒளிபரப்புவது என்ற சண்டையில் பிறந்த வழக்கு அது. ஆனால் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று சுப்ரீம் கோர்ட் அதில்தான் சொன்னது. சமுதாய வானொலி கேட்டுப் போராடியவர்களுக்கு அது பெரிய பிடிமானம். 2004ல் சென்னையில் அண்ணா எஃப்எம் வந்தது, 2006ல் தொண்டு அமைப்புகளும் வானொலி நடத்தலாம் என்று விதி மாறியது.

தொடர்பியல் என்றால் விஸ்காம்தானே? கேமரா, எடிட்டிங் சொல்லித் தருவீர்களா?

அதுவும் துறையில் உண்டு, வேறு ஆசிரியர்கள் சொல்லித் தருகிறார்கள். நான் எடுப்பது ஊடகச் சட்டம், செய்தி எழுதுதல், தகவல் உரிமை, மக்களோடு உரையாடும் முறை.

வக்கீலாக இருப்பவர் தொடர்பியல் ஆசிரியர் ஆக என்ன படிக்க வேண்டும்?

வெறும் எல்.எல்.பி. போதாது. தொடர்பியலிலோ இதழியலிலோ முதுகலைப் பட்டம் வேண்டும், அதில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி. உள்ளிட்ட சில பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு). பிறகு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் அல்லது மாநில செட் தகுதித் தேர்வு. உதவிப் பேராசிரியர் வேலைக்கு முனைவர் பட்டம் கட்டாயம் இல்லை என்று 2023ல் யுஜிசி தெளிவுபடுத்தியது. ஆனாலும் நேர்முகத் தேர்வில் அது பெரிதாகப் பேசும்.

நான் எம்.ஏ. படித்தது பிராக்டிஸில் இருந்துகொண்டே. பகலில் கோர்ட், ராத்திரியில் படிப்பு. முடியும். சுலபம் என்று சொல்ல மாட்டேன். நெட் தேர்வுக்கு வக்கீலுக்கு இருக்கும் ஒரே வசதி, ஊடகச் சட்டக் கேள்விகளுக்குத் தனியாகப் படிக்க வேண்டாம். தொடர்பியல் கோட்பாடுகள், ஆய்வு முறைகள், புள்ளியியல் எல்லாம் புதுசாகத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒரு தொழிலில் 15 ஆண்டு அனுபவம் இருந்தால், வழக்கமான கல்வித் தகுதி இல்லாமலே ‘பேராசிரியர் - நடைமுறை’ என்ற பதவியில் குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று 2022ல் யுஜிசி வழிகாட்டுதல் கொடுத்தது. நம் பக்கத்துக் கல்லூரிகள் இதைப் பயன்படுத்தினால் எத்தனையோ நல்ல மூத்த வக்கீல்களையும் நிருபர்களையும் வகுப்புக்குக் கொண்டு வரலாம்.

சனத்து (வக்கீலாகப் பதிவு செய்த சான்று) என்ன ஆகும்? இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாதா?

முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் பிராக்டிஸ் பண்ண முடியாது. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் 49வது விதி அதுதான். வேலையில் சேர்ந்ததைப் பார் கவுன்சிலுக்கு எழுதித் தெரிவித்துத் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். வேலையை விட்ட பிறகு மறுபடி விண்ணப்பித்துத் திரும்பலாம். சட்டப் பாடம் கற்பிப்பவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை: நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் போகாமல் பாடம் எடுத்துக்கொண்டு பிராக்டிஸும் பண்ணலாம் என்று 1979ல் வந்த விதி அனுமதிக்கிறது. சட்டக் கல்லூரியில் பகுதிநேரமாகப் போகும் வக்கீல்கள் இந்த விதியில்தான் போகிறார்கள். தொடர்பியலில் முழுநேர வேலை என்றால் அது பொருந்தாது.

சனத்தை நிறுத்தி வைத்த அன்று மனசு கனத்தது உண்மை.

வருமானம் எப்படி?

பொதுநல வழக்கில் வருமானம் என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. அதை நடத்துகிறவர்கள் சிவில், குடும்ப வழக்கு, மோட்டார் விபத்து இழப்பீடு என்று வேறு வழக்குகளில்தான் பிழைப்பைப் பார்த்துக்கொள்வார்கள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும் என்று 2024ல் தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. நடைமுறையில் அது எல்லா ஆபீசிலும் வர வேண்டும், ஜூனியர்கள் அதைக் கூச்சப்படாமல் கேட்கவும் வேண்டும்.

ஆசிரியப் பணியில் அரசு, அரசு உதவி பெறும் இடம் என்றால் யுஜிசி அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்கும். சுயநிதிப் பிரிவில் அதில் பாதிகூட வராத இடங்கள் உண்டு. சேரும் முன்னால் எந்தப் பிரிவு என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

வகுப்பில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறீர்கள்?

முதல் பருவத்திலேயே ஒரு தீர்ப்பைக் கையில் கொடுத்துவிடுவேன். நாற்பது, ஐம்பது பக்கம் இருக்கும். அதை ஒரே பக்கத்தில் தமிழில் எழுத வேண்டும். யார் கேட்டார், கோர்ட் யாரை என்ன செய்யச் சொன்னது, எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் எங்கே போவது - இவ்வளவும் அந்த ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும். அப்புறம் வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் பலர் முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கத்துப் பீடித் தொழிலாளர் வீடுகளிலிருந்து வருகிறார்கள். அம்மா பீடி சுற்றிக்கொண்டே கேட்பார். அவர் கேட்கிற எதிர்க்கேள்விகளை அப்படியே எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். மதிப்பெண் அந்தக் கேள்விகளுக்கும் உண்டு. ஒரு மாணவியின் அம்மா, "அகற்றணும்னு சொல்லியிருக்கு சரி, செலவு யாரு குடுப்பா?" என்று கேட்டாராம். வகுப்பில் நாங்கள் யாருமே அதை யோசிக்கவில்லை. தீர்ப்பை மறுபடி புரட்டிப் பார்த்தோம்.

இரண்டாவது, தகவல் உரிமை மனு. 2005ல் மத்திய சட்டம் வருவதற்கு முன்பே, 1997ல் தமிழ்நாடு தனக்கென்று ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. மாநிலங்களில் முதலில் செய்தது நாம்தான், ஆனால் நம் பிள்ளைகளுக்கு அதுவே தெரியவில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் 48 மணி நேரம். மனுவில் "ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. "இந்த ஆண்டு இந்தத் தெருச் சாலைக்கு ஒதுக்கிய தொகை, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் நகல்களைத் தரவும்" என்று கேட்டால் வந்தே ஆக வேண்டும். கேள்வியை இப்படித் திருத்தி எழுதப் பழகுவதற்கே பல வாரம் பிடிக்கும்.

மூன்றாவது, கேட்பது. கோர்ட்டில் நம் பக்கத்துச் சாட்சியை முதல் விசாரணை செய்யும்போது, பதிலை நாமே வாயில் ஊட்டும் கேள்விகளைக் கேட்கக் கூடாது. "அன்றைக்கு லாரி வந்ததுதானே?" என்று கேட்கக் கூடாது, "அன்றைக்கு என்ன பார்த்தீர்கள்?" என்றுதான் கேட்க வேண்டும். இந்த ஒரு விதியை நிருபர்கள் எடுத்துக்கொண்டால் பாதிப் பேட்டிகள் தேறிவிடும். கிராமத்தில் போய், "உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குல்ல?" என்று மைக்கை நீட்டினால் "ஆமா" என்று சொல்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி என்ன இருக்கிறது?

நான்காவது, சொல்லக் கூடாதவை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். குழந்தை என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23வது பிரிவு. பெயரை மட்டும் மறைத்துவிட்டு ஊர், பள்ளி, அப்பாவின் தொழில் மூன்றையும் எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும். சின்ன ஊர்களில் இது எவ்வளவு கொடூரமாக முடியும் என்று வக்கீலாக நான் பார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் மட்டும் வகுப்பில் கடுமையாக இருக்கிறேன், இனியும் இருப்பேன்.

வழக்கு நடக்கும்போது அதைப் பற்றி எழுதலாமா? கோர்ட் அவமதிப்பு ஆகாதா?

எழுதலாம். நடந்த விசாரணையை நேர்மையாக, சரியாகச் செய்தியாக்குவது அவமதிப்பு இல்லை என்று 1971ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிக்கலாம். தீர்ப்பு தவறு என்று சொல்லலாம், நீதிபதி காசு வாங்கினார் என்று ஆதாரமில்லாமல் சொல்லக் கூடாது. மூடிய அறையில் நடக்கும் விசாரணை தனி. பயத்தில் எதையுமே எழுதாமல் விடும் நிருபர்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள்.

வக்கீல்கள் டிவியில் பேட்டி கொடுக்கலாமா?

தொழிலுக்கு விளம்பரம் தேடுவதுபோல் கொடுக்கக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 36வது விதி. சட்டத்தை விளக்குவது வேறு, தன் வழக்கைப் பற்றிப் பெருமையடிப்பது வேறு.

தோற்ற வழக்குகளால் என்ன பயன்?

கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் குளிர்பானக் கம்பெனிகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்த வழக்கைப் பாருங்கள். 2016 நவம்பரில் மதுரைக் கிளை இடைக்காலத் தடை கொடுத்தது. 2017 மார்ச் 2 அன்று வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. சட்டக் கணக்கில் தோல்விதான். ஆனால் அந்த மாதங்களில் ஆற்றுத்தண்ணீர் எவ்வளவு, எந்த விலைக்கு, யாருக்குப் போகிறது என்று நெல்லையில் பேசாத வீடு கிடையாது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் அந்தக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்களே அறிவித்தன. ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்ன விலை என்று ஒரு டீக்கடைக்காரர் கணக்குப் போட்டுப் பேசியதை அன்று கேட்டேன். அந்தக் கணக்கைக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு போட்ட பதில் மனுவிலிருந்து பத்திரிகைக்கும், பத்திரிகையிலிருந்து டீக்கடைக்கும் கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்தது லேசான காரியம் இல்லை.

சொந்த லாபத்துக்காகப் பொதுநல வழக்குப் போடுபவர்களும் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். போட்டியாளரை மிரட்ட, பேரம் பேச, பேப்பரில் பெயர் வர என்று போடுபவர்கள் உண்டு. 2010ல் பல்வந்த் சிங் சவுஃபால் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதற்கென்றே வழிமுறைகள் வகுத்தது. மனுதாரர் யார், நோக்கம் என்ன என்று முதலில் சரிபார்க்க வேண்டும், கெட்ட எண்ணத்தில் போட்டால் அபராதம் விதிக்க வேண்டும் என்றது. உண்மையான மனுதாரர்கள் இதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அவசரப்பட்டு, சரிபார்க்காத வாட்ஸ்அப் தகவலை நம்பி மனுப் போடாதீர்கள். ஒரு பொய் விவரம் நல்ல வழக்கைச் சாய்த்துவிடும். அடுத்து வருபவரையும் சந்தேகத்தோடு பார்க்க வைக்கும்.

இந்த மண்ணில் உங்களுக்கு முன்னோடி என்று யாரைச் சொல்வீர்கள்?

வ.உ.சி.யைத்தான் முதலில். ஓட்டப்பிடாரத்து வக்கீல். தூத்துக்குடி ஆலைத் தொழிலாளிகளுக்காக நின்றார், மேடையில் பேசினார், கப்பல் விட்டார். 1908ல் அவரைக் கைது செய்தபோது மார்ச் 13 அன்று திருநெல்வேலியே கொந்தளித்தது. வழக்காடும் வாய்க்கும் மேடையில் பேசும் வாய்க்கும் இடையில் அவர் சுவர் வைக்கவில்லை. தண்டனையால் பறிபோன சனத்து பின்னால் நீதிபதி வாலஸ் உதவியால்தான் திரும்பக் கிடைத்தது. நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

இன்னொருவர் ரசிகமணி டி.கே.சி. சட்டம் படித்தவர், வக்கீல் தொழிலில் மனம் ஒட்டவில்லை. வண்ணார்பேட்டை வீட்டில் வட்டத் தொட்டி என்ற இலக்கியச் சபை கூட்டினார். கம்பனை எடுத்துச் சொன்னால் பாமரரும் ரசிக்கும்படி சொல்வாராம். கடினமான ஒன்றை அதன் அழகு கெடாமல் எல்லாருக்கும் புரிய வைப்பது பெரிய வித்தை. தீர்ப்புக்கும் அந்த வித்தை தேவை.

ஹைகோர்ட்டில் தமிழ் வந்துவிட்டால் உங்கள் வேலை தேவைப்படாதல்லவா?

வர வேண்டும் என்று 2006லேயே சட்டமன்றம் தீர்மானம் போட்டது, இன்னும் வரவில்லை. கீழ்க் கோர்ட்டுகளில் தமிழ் இருக்கிறது. அங்கே தமிழில் வரும் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள், அதையும் விளக்கிச் சொல்ல ஒருவர் தேவைப்படும். தமிழ் வருவதை முழு மனசோடு ஆதரிக்கிறேன். அதோடு எளிய நடையும் வர வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு பிரச்சனை. வழக்குப் போடும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஊருக்குள் பேசுங்கள். பாதிப்பு யாருக்கு, எப்போதிருந்து என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். படம் எடுத்தால் இடம் அடையாளம் தெரிகிற மாதிரி எடுங்கள், ஒரிஜினலை அழிக்காதீர்கள். தகவல் உரிமையில் நில ஆவணங்களையும் அனுமதி ஆணைகளையும் வாங்குங்கள். திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரியிடம் கேட்காமல் நேராக ஹைகோர்ட்டுக்குப் போனால், "முதலில் அங்கே மனுக் கொடுத்தீர்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு உலக தண்ணீர் தினமான மார்ச் 22ம், உள்ளாட்சி தினமான நவம்பர் 1ம் சேர்ந்து இப்போது ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். குளம், ஓடை, ஆறு சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு மார்ச் 22 கூட்டம் நல்ல இடம். தீர்மானத்தை எழுத வைத்து, நகல் வாங்கிவிட்டு எழுந்திருங்கள்.

இவ்வளவும் கையில் இருந்தால் எந்த வக்கீலிடம் போனாலும் பாதி வேலை முடிந்திருக்கும். மனு எழுதத் தடுமாறினால் எங்கள் துறைக்கு வாருங்கள். பிள்ளைகள் கூடவே உட்கார்ந்து எழுதித் தருவார்கள், காசு வாங்க மாட்டார்கள். வரும்போது பட்டா, அடங்கல், பழைய மனுக்களின் ரசீது எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள்.